இறகுக் குச்சிக்கு ஈடு

ஹில்க்காவுக்குப் பத்து வயது. ஒரு காரியத்தை ஒப்புக்கொண்டால் முடிக்காமல் விடும் வழக்கம் அவளுக்கு இல்லை. முடிக்க முடியுமா என்று யோசிக்காமலே ஒப்புக்கொள்வது ஒன்றுதான் அவளிடம் இருந்த குறை.

பின்லாந்தில், கோத்கா துறைமுகத்தின்மேல் குண்டுகள் விழுந்த பிப்ரவரி மாதத்தில், அம்மா அவளையும் ஐந்து வயதுத் தம்பி ஒஸ்மோவையும் சுவீடனுக்குப் புறப்பட்ட குழந்தைகள் ரயிலில் ஏற்றிவிட்டாள். இருவர் கழுத்திலும் எண் எழுதிய அட்டை தொங்கியது. அம்மா சொன்னது ஒன்றே ஒன்று: இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்க வேண்டும். ஹில்க்கா ஒப்புக்கொண்டாள்.

அந்த வாக்கு ஸ்டென்விக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் நான்கு நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. அங்கே குழந்தைகளை வீடுகளில் சேர்க்கும் உதவிக்குழுவின் கையில் ஒரு பட்டியல் இருந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் லிண்டின் வீட்டுக்கு ஒரு பெண் என்றும், ஓய்வுபெற்ற ஆசிரியை ஹுல்டா சண்டெலினின் வீட்டுக்கு ஆறு வயதுக்கு உட்பட்ட ஒரு பையன் என்றும் அதில் எழுதியிருந்தது. பட்டியலில் ஒன்று என்று எழுதிவிட்டால் அந்த ஊரில் அது ஒன்றுதான், ஒன்றரைகூட ஆகாது. குழுவைச் சேர்ந்த பெண்மணி ஒருவர், மிகுந்த மரியாதையுடன், ஹில்க்காவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஒஸ்மோவை எடுத்துக்கொண்டு போனார்.

லிண்ட் வீட்டில் ஹில்க்காவுக்கு ஒரு குறையும் இல்லை. ஸ்டேஷன் மாஸ்டரின் மனைவி ஆல்மா வடக்கே எல்லை ஆற்றங்கரையில் பிறந்தவள். அவளுடைய ஃபின்னிஷ் சற்றுப் பழையதாக, வேதாகமத்திலிருந்து இறங்கி வந்ததுபோல் இருந்தாலும், புரிந்தது. அவளுக்கு மூன்று பெண்கள். ஹில்க்காவையும் சேர்த்து நான்கு பேர் இரண்டு கட்டில்களில் படுத்தார்கள். அங்கே ஒஸ்மோவைக் கொண்டுவந்து போட வேண்டுமானால் மேசை இழுப்பறையில்தான் போட வேண்டும்.

சண்டெலின் வீடோ பெரியது. அதில் ஹுல்டா டீச்சரும், தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் அவருடைய தம்பி எலோஃபும் மட்டுமே இருந்தார்கள். டீச்சருக்கு அறுபத்தெட்டு வயது, தம்பிக்கு அறுபத்துமூன்று. இருவருக்கும் திருமணம் ஆகவில்லை. ஹில்க்கா ஒஸ்மோவைப் பார்க்க வரலாம் என்று டீச்சர் அனுமதித்திருந்தார். புதன்கிழமைகளில் ஒரு மணி நேரம், கூடத்துக் கடிகாரத்தின்படி.

இப்படி ஆறு வாரங்கள் போயின. ஹில்க்கா ஸ்டேஷன் மாஸ்டரிடம் கேட்டாள், பாதிரியாரிடம் கேட்டாள், டீச்சரிடமே இரண்டு முறை கேட்டாள். எல்லாரும் அவள் தலையைத் தடவிவிட்டுப் பட்டியலைப் பற்றிச் சொன்னார்கள்.

இந்த நிலையில்தான் அவள் கண்ணில் அந்தக் குச்சிகள் பட்டன. தவக்காலம் தொடங்கியதிலிருந்து, ஸ்டென்விக்கில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஜாடி நிறையப் பிர்ச் மரக் குச்சிகளை வைத்திருந்தார்கள்; அவற்றின் நுனிகளில் சாயம் தோய்த்த கோழி இறகுகளைக் கட்டியிருந்தார்கள். பார்த்ததுமே ஹில்க்காவுக்கு விஷயம் விளங்கிவிட்டது; அல்லது விளங்கிவிட்டதாக நினைத்தாள்.

அம்மா பின்லாந்தின் கிழக்குப் பகுதியான கரேலியாவைச் சேர்ந்தவள். அவர்கள் பக்கத்தில் குருத்தோலை ஞாயிறன்று குழந்தைகள் அலங்கரித்த குச்சிகளுடன் வீடுவீடாகப் போவார்கள். எதிர்ப்படும் பெரியவர்களைக் குச்சியால் மெல்லத் தட்டி, வருடம் முழுவதும் நோய்நொடி இல்லாமல் இருக்கும்படி பாட்டாக வாழ்த்துவார்கள். பிறகு அந்தக் குச்சியைத் தட்டப்பட்டவரிடமே கொடுத்துவிட வேண்டும். அவர் அதை வாங்கிக்கொண்டால் பேச்சு முடிந்தது: மறு ஞாயிறு, ஈஸ்டர் அன்று, குழந்தை வாசலில் வந்து நின்று கை நீட்டும், அவர் ஈடு கொடுத்தே ஆக வேண்டும். சென்ற வருடம் கோத்காவின் கஞ்ச மீன்காரர் உப்புப் பீப்பாய்க்குப் பின்னால் ஒளிந்து பார்த்தார். ஆனால் குச்சியை வாங்கியிருந்தார் அல்லவா? கடைசியில் தானாகவே எழுந்து வந்து, முணுமுணுத்துக்கொண்டே இரண்டு கருவாடுகளைக் கொடுத்தார்.

சுவீடன்காரர்கள் குச்சிகளைத் தயார் செய்து, இறகுகூடக் கட்டி, ஜாடியில் வைத்துக் காத்திருக்கிறார்கள்; தட்டுவதற்குத்தான் இங்கே குழந்தைகளுக்குத் தெரியவில்லை, பாவம். ஹில்க்கா அப்படித்தான் முடிவு செய்தாள்.

ஈடாகப் பெரும்பாலும் முட்டை கொடுப்பார்கள். ஆனால் முட்டைதான் கேட்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

குருத்தோலை ஞாயிறு பிற்பகலில், ஆல்மாவின் ஜாடியிலிருந்து மூன்று நல்ல குச்சிகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு ஹில்க்கா சண்டெலின் வீட்டுக்குப் போனாள். ஒஸ்மோ கதவைத் திறந்தான்.

"இன்னிக்கு புதன்கிழமையாக்கா?"

"இல்ல. பேசாம இரு. வேலையா வந்திருக்கேன்."

டீச்சர் சமையலறையில் இருந்தார். கூடத்துச் சோபாவில், முகத்தைச் செய்தித்தாளால் மூடிக்கொண்டு, எலோஃப் உறங்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்குத் தலைவர் டீச்சர்தான் என்பதை ஹில்க்கா அறிவாள். ஆனால் டீச்சர் கையில் மீன் அறுக்கும் கத்தி இருந்தது. எலோஃப் கையில் ஒன்றும் இல்லை. அவள் சோபாவின் அருகில் போய் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, உரத்த குரலில் வாழ்த்துப் பாட்டைத் தொடங்கினாள். ஒரு வரிக்கு ஒரு தட்டு என்ற முறையில் தோளில் தட்டினாள், வயிற்றில் தட்டினாள், முழங்கால்களில் தட்டினாள். நோய்நொடி எந்த இடத்தில் வரும் என்று சொல்ல முடியாது என்பதால் செய்தித்தாளின் மேலும் இரண்டு தட்டுத் தட்டினாள்.

எலோஃப் எழுந்து உட்கார்ந்தார். அவருடைய மீசையில் ஒரு மஞ்சள் இறகு ஒட்டிக்கொண்டிருந்தது. தாம் என்ன தப்புச் செய்தோம் என்று அவருக்குத் தெரியவில்லை. ஆயினும் அறுபத்துமூன்று வருடப் பழக்கத்தில், "மன்னிச்சுடுக்கா, இனிமே செய்ய மாட்டேன்," என்றார்.

அதற்குள் டீச்சர் வந்துவிட்டார். அவர் வேகமாகப் பேசிய சுவீடிஷில் 'வெள்ளிக்கிழமை' என்ற சொல்லும் 'தப்பு' என்ற சொல்லும் மட்டுமே ஹில்க்காவுக்குப் பிடிபட்டன. 'தப்பு' பலமுறை வந்தது. பேச்சின் முடிவில் டீச்சர் கை நீட்டி மூன்று குச்சிகளையும் அவளிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

வாங்கிக்கொண்டார். ஹில்க்காவின் முகம் மலர்ந்தது. அவள் முழங்காலை மடித்து முறையாக வணங்கி, தனக்குத் தெரிந்த சுவீடிஷில் நன்றி சொல்லிவிட்டுப் புறப்பட்டாள். நாற்பத்தொரு வருட ஆசிரியப் பணியில் எத்தனையோ பொருட்களைப் பறிமுதல் செய்த ஹுல்டா டீச்சர், அதற்கு நன்றி சொன்ன குழந்தையை அன்றுதான் முதன்முறையாகக் கண்டார்.

மறுநாள் காலையில் டீச்சர் நேராக, லிண்ட் குடும்பம் குடியிருந்த ரயில் நிலையத்துக்கு வந்தார். ஹில்க்காவைப் பின்புறம் விறகு எடுக்க அனுப்பிவிட்டு ஆல்மாவுடன் பேசினார். பேசியதை எல்லாம் பிறகு ஆல்மா தலையில் கை வைத்துக்கொண்டு ஹில்க்காவுக்குச் சொன்னாள். அந்த ஊரிலும் பழைய நாட்களில் குச்சியால் அடிக்கும் வழக்கம் இருந்தது. பெரிய வெள்ளிக்கிழமையன்று, ஆண்டவர் பட்ட பாடுகளை மறக்காமலிருக்க, பெரியவர்கள் குழந்தைகளை இரண்டு அடி அடிப்பார்கள். இந்தப் பெண்ணோ பெரியவரை, அதுவும் ஞாயிற்றுக்கிழமை, அடித்துவிட்டாள். ஆளும் தவறு, நாளும் தவறு. ஜாடியில் இருப்பவை வெறும் அலங்காரம். அவற்றை வைத்து யாரும் யாரையும் வாழ்த்துவதில்லை.

ஹில்க்கா தன் ஊர் வழக்கத்தை விளக்கினாள். ஆல்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுப்பங்கரை நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த மஞ்சள் இறகைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"சரி, ஈஸ்டருக்கு அவங்ககிட்ட என்னடி கேக்கப் போற? முட்டையா?"

"ஒஸ்மோவ," என்றாள் ஹில்க்கா.

ஆல்மாவின் சிரிப்பு நின்றது. டீச்சர் சொன்னதில் மிச்சம் இருந்த பகுதியை அப்போதுதான் சொன்னாள். உதவிக்குழுவுக்குக் கடிதம் எழுதித் தயாராக வைத்திருக்கிறார் டீச்சர். அக்காவின் போக்கு பையனின் ஒழுங்கைக் கெடுக்கிறது, ஆகவே அவளை வேறு ஊருக்கு மாற்ற வேண்டும் என்பது கடிதத்தின் சாரம். ஈஸ்டர் ஞாயிறன்று ஹில்க்கா நேரில் வந்து முறைப்படி மன்னிப்புக் கேட்டால் கடிதம் மேசையிலேயே இருக்கும். இல்லாவிட்டால் செவ்வாய்க்கிழமை ரயிலில் போய்விடும்.

"அதனால வாய மூடிக்கிட்டு மன்னிப்பு மட்டும் கேளு, கண்ணு. வேற எதையும் கேக்காத. இல்லேன்னா புதன்கிழமையும் போயிடும்."

"ஆனா அவங்க குச்சிய வாங்கிக்கிட்டாங்களே அத்தை."

"பிடுங்கினாங்கடி."

"கையில வாங்கினா வாங்கினதுதான்."

அந்த வாரம் முழுவதும் ஆல்மா அவளுக்கு மன்னிப்பு வாசகத்தைச் சொல்லிக்கொடுத்தாள். லிண்டின் மூன்று பெண்களும் மாறிமாறி டீச்சராக நடித்து, மூக்கை உயர்த்திக்கொண்டு அதைக் கேட்டார்கள். ஹில்க்கா ஒரு பிழையும் இல்லாமல் கற்றுக்கொண்டாள். உள்ளுக்குள் மட்டும் அவளுக்கு அமைதி இல்லை. கேட்டால் புதன்கிழமையும் போகும். கேட்காவிட்டால் புதன்கிழமை மட்டுமே மிஞ்சும். அம்மாவிடம் அவள் புதன்கிழமைக்கு ஒப்புக்கொள்ளவில்லை.

ஈஸ்டர் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆல்மா அவளை அழைத்துக்கொண்டு போனாள். சண்டெலின் வீட்டுக் கூடத்தில் டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எலோஃப் சற்று ஒதுங்கி, சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ஒஸ்மோ வாரிய தலையுடன் முக்காலியில் இருந்தான். ஹில்க்கா நடுவில் வந்து நின்று, மன்னிப்பு வாசகத்தை முதற்சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை தெளிவாகச் சொல்லி, முழங்காலை மடித்து வணங்கினாள். டீச்சர் தலையசைத்தார். ஆல்மா பெருமூச்சு விட்டாள்.

பிறகு ஹில்க்கா வலது கையை நீட்டினாள்.

டீச்சர் அந்தக் கையைப் பார்த்தார், ஆல்மாவைப் பார்த்தார். ஆல்மாவுக்கு வேறு வழி இருக்கவில்லை. கரேலியாவின் வழக்கத்தைத் தட்டுத் தடுமாறிச் சுவீடிஷில் சொல்லி முடித்தாள். டீச்சர் எழுந்து போய், மேசையிலிருந்த கிண்ணத்திலிருந்து சாயம் பூசிய முட்டை ஒன்றை எடுத்து வந்து, அந்தக் கையில் வைத்தார். வழக்கம் என்று ஒன்று இருக்குமானால் அதை மதிக்கத் தெரியாதவர் அல்லர் அவர்.

ஹில்க்கா முட்டையைத் திருப்பி நீட்டினாள்.

"முட்டை வேணாம் டீச்சரம்மா. ஒஸ்மோ வேணும்."

இதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. ஆல்மா கண்ணை மூடிக்கொண்டாள். கடிதம் மேசையின்மேல், தபால்தலை ஒட்டி, எல்லாருக்கும் தெரியும்படி இருந்தது. ஆனால் ஹுல்டா டீச்சர் அதன் பக்கம் கை நீட்டவில்லை. யாராவது ஒரு சட்டத்தைச் சொல்லிவிட்டால் அதன் உட்பிரிவுகளைத் தெரிந்துகொள்ளாமல் அவரால் இருக்க முடியாது. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு விசாரணையைத் தொடங்கினார். யார் தட்டலாம், எத்தனை தட்டு, எந்த நேரம், வாங்க மறுத்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஹில்க்கா ஒவ்வொன்றுக்கும் தயங்காமல் பதில் சொன்னாள். மறுத்தால் ஒன்றும் இல்லை, அடுத்த வீட்டுக்குப் போய்விடுவோம். வாங்கினால் மட்டுமே ஈடு. இருவருக்கும் நடுவில் ஆல்மா, கழுத்து வலிக்கும் அளவுக்கு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டிருந்தாள்.

"நான் வாங்கிக்கல. பறிமுதல் பண்ணினேன்," என்றார் டீச்சர். "இந்த வீட்டுல பறிமுதல் பண்ணின சாமான் எதுவும் என்கிட்ட தங்காது. சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு, கோயில் மணி அடிக்கும்போது, உடையவங்க கையில திரும்பப் போயிடும். வேணும்னா பையனையே கேளுங்க."

கேட்டார்கள். ஒஸ்மோ முக்காலியில் நேராக உட்கார்ந்து யோசித்தான். கவண், கரண்டி, தீப்பெட்டியில் இருந்த வண்டு எல்லாம் சனிக்கிழமை சனிக்கிழமை தனக்குத் திரும்ப வந்தது உண்மைதான் என்றான்.

"ஆனா அக்காவோட குச்சி வரலையே டீச்சரம்மா. நேத்துக்கூட மணி அடிச்சுது. அது அங்க ஜாடியிலயே இருக்கு."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சுவர் அலமாரியின்மேல், டீச்சரின் சொந்த ஜாடியில், சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக அந்த மூன்று குச்சிகளும் மற்றக் குச்சிகளுக்கு நடுவில் அழகாகச் செருகப்பட்டிருந்தன.

டீச்சருக்குக் கழுத்திலிருந்து காதுவரை மெல்லச் சிவந்தது. நல்ல குச்சிகளை வீணாக்கக் கூடாது என்று வைத்தேன் என்றார். அதைச் சொல்லும்போதே அது பதில் ஆகாது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. பிறகு அவர் நிமிர்ந்தார்.

"சரி. வாங்கிக்கிட்டேன்னே வச்சுக்குவோம். ஆனா என்னுது இல்லாத ஒண்ண நான் எப்படிக் குடுக்க முடியும்? ஒஸ்மோ அவங்க அம்மாவோட பிள்ளை. எனக்குச் சொந்தமா இருந்தாத்தானே ஈடா எடுத்துக் குடுக்க?"

இந்த உட்பிரிவை ஹில்க்கா எண்ணிப் பார்த்திருக்கவில்லை. மேலும், ஒஸ்மோவைக் கொடுத்தேவிட்டாலும் அவனை எங்கே படுக்க வைப்பது என்பதையும் அவள் இந்த நிமிடம்வரை யோசித்திருக்கவில்லை. அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். முட்டை இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

"அடி வாங்கினது நான்தானேக்கா," என்றது சன்னலோரத்திலிருந்து ஒரு குரல்.

எலோஃப் பேசினார். வீட்டில் அவர் ஆர்கனைப் பற்றியும் வானிலையைப் பற்றியும் தவிர வேறெதையும் பேசி வெகுகாலம் ஆகியிருந்தது.

"நீ சும்மா இரு, எலோஃப்."

"எப்படி இருக்கறது? வாழ்த்து எனக்குத்தான் வந்துது. அப்ப ஈடும் நான்தான் குடுக்கணும். சட்டம் சரிதானே, பாப்பா?"

ஆல்மா மொழிபெயர்த்தாள். சரிதான் என்றாள் ஹில்க்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"என்கிட்ட சொந்தமா ஒண்ணு இருக்கு. மாடி ரூம்."

மாடியறை எலோஃபின் அறை. அங்கே இருபது வருடச் செய்தித்தாள்களை அடுக்கி வைத்திருந்தார். அடுக்குகளுக்கு நடுவில் ஒரு சாய்வு நாற்காலி. நாற்காலிக்கு அடியில், டீச்சருக்குத் தெரியாது என்று அவர் நம்பிய, ஒரு புகையிலைக் குழாய். கால் வலியால் அக்கா மாடி ஏறுவதில்லை என்பதால் அந்த வீட்டிலேயே அவர் தனியாக இருக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான். அந்த அறையில் கட்டில் போடலாம் என்றார். பையன் எங்கேயும் போக வேண்டாம், பெண் வரட்டும்.

"பட்டியல்ல ஒண்ணுன்னு போட்டிருக்கு," என்றார் டீச்சர்.

எலோஃப் எழுந்து வந்து அக்காவின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார்.

"அம்மா போனப்ப எனக்கு ஏழு வயசு. சித்தப்பா ஒரு வீட்டுக்கு ஒண்ணா நம்மளப் பிரிச்சு அனுப்பலாம்னு சொன்னார். நீ என்ன பண்ணினே, ஞாபகம் இருக்கா? அவரோட வண்டிச் சக்கரத்து ஆணியப் பிடுங்கிக் கிணத்துல போட்ட. பட்டியலா பாத்த?"

ஆல்மா இதை மொழிபெயர்க்க மறந்துவிட்டாள். அவளும் டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹுல்டா டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், அழுக்கே இல்லாததால் மறுபடியும் துடைத்தார்.

"ரெண்டு ஆணி," என்றார் கடைசியில். "சொல்றதச் சரியாச் சொல்லு."

பிறகு வேலைகள் வரிசையாக நடந்தன. டீச்சர் அந்தக் கடிதத்தைக் கிழிக்கவில்லை, தபால்தலை வீணாகும். உறையை நீராவியில் காட்டிப் பிரித்து, உள்ளே இருந்த தாளை அடுப்பில் போட்டுவிட்டு, வேறொரு தாளில் எழுதினார். தங்கள் பட்டியலில் பிழை இருக்கிறது, சண்டெலின் வீட்டுக்கு நேராக இரண்டு என்று உடனே திருத்திக்கொள்ள வேண்டும், பிழையுள்ள பட்டியலை வைத்துக்கொண்டு ஒரு குழு எப்படி வேலை செய்கிறது என்பது தமக்குப் புரியவில்லை என்று அதில் கண்டிப்பாகக் குறிப்பிட்டார். ஸ்டேஷன் மாஸ்டர் லிண்ட் திங்கட்கிழமை தம் சரக்குத் தள்ளுவண்டியில், கடன் வாங்கிய ஒரு கட்டிலையும் ஹில்க்காவின் பெட்டியையும் கொண்டுவந்தார். அவருடைய மூன்று பெண்களும் பின்னாலேயே வந்து, ஹில்க்காவைக் கட்டிக்கொண்டு சிறிது அழுதார்கள். இனிக் கட்டிலில் கால் நீட்டலாம் என்பது நினைவுக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டார்கள். ஆல்மா வீட்டுக்கு வாரம் ஒரு முறை போய் வரலாம் என்று டீச்சர் விதித்தார். ஒரு மணி நேரமா என்று ஹில்க்கா கேட்டாள். அங்கே இருப்பது ரயில் நிலையக் கடிகாரம், அதை நம்ப முடியாது, ஆகவே சாப்பாட்டு நேரத்துக்குள் வந்தால் போதும் என்றார் டீச்சர்.

எலோஃப் செய்தித்தாள் கட்டுகளைக் கொட்டகைக்குச் சுமந்துகொண்டு போனார். சாய்வு நாற்காலியும் போயிற்று. புகையிலைக் குழாயை டீச்சரே இரண்டு விரல்களால் தூக்கி வந்து, கொட்டகையில் ஒரு ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பிப் போனார். அன்று முழுவதும் எலோஃப் கொட்டகையைவிட்டு வெளியே வரவில்லை.

பிற்பகல் வெயிலில் மாடியறை காலியாக, பெரிதாக, பழைய காகித வாசனையுடன் இருந்தது. ஹில்க்கா சன்னலோரக் கட்டிலைத் தனக்கு எடுத்துக்கொண்டாள். அலமாரியில் மேல் இரண்டு தட்டுகளும் தனக்கு, கீழ்த்தட்டு ஒஸ்மோவுக்கு என்றாள். வண்டுத் தீப்பெட்டி அறைக்குள் வரக் கூடாது, கவணை வெளியே வைக்க வேண்டும், பேசும்போது கத்தக் கூடாது என்றும் வரிசையாகச் சொன்னாள்.

ஒஸ்மோ தன் கட்டிலில் உட்கார்ந்து, கால்களை ஆட்டிக்கொண்டே, கடைசிவரை கேட்டான்.

"அக்கா."

"என்ன?"

"ஒரு டீச்சரம்மா போதாதா? நீ புதன்கிழமை மட்டும் வாயேன்."

ஹில்க்கா அவன் தலையணையை எடுத்து அவன்மேலேயே எறிந்தாள். அவன் திருப்பி எறிந்தான். கீழேயிருந்து டீச்சர் கைத்தடியால் கூரையை இரண்டு முறை தட்டினார். இருவரும் ஒரே நேரத்தில் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.